மலையகத்தில் ஜி.பி.எஸ். கருவிகளும் புதிய செய்மதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் கைபேசிகளும் வாகனக் கருவிகளும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சுற்றுலா வேன் சாரதிகள், மலையேற வருபவர்களுக்கு வழிகாட்டும் இளைஞர்கள், வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். கடையில் கூட்டம் இருக்கும்போது பாதியில் விட்ட பதில்களை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

அண்ணன், எல்லாம் ஜி.பி.எஸ். தானே? பெட்டியில் குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என்று வேறு எழுதியிருக்கிறதே?

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்காவின் செய்மதித் தொகுதிக்கு மட்டும் உரிய பெயர். 1995இல் முழுமையாக இயங்கத் தொடங்கி, பல ஆண்டுகள் போட்டியில்லாமல் இருந்ததால் அதுவே பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. ரஷ்யாவின் குளோனாஸ் நடுவில் நலிந்துபோய், 2011இல் மீண்டும் 24 செய்மதிகள் என்ற முழுக் கணக்கை எட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கலிலியோ 2016 டிசெம்பரில் முதற்கட்டச் சேவையைத் தொடங்கியது. சீனாவின் பெய்டோ 2020 ஜூலையில் உலகம் முழுவதற்கும் திறக்கப்பட்டது. நான்கும் நம் வானத்தில் இரவு பகலாகக் கிடைக்கின்றன. எதற்கும் கட்டணம் இல்லை.

இவை தவிர இந்தியாவின் நாவிக், யப்பானின் கியூ.இசட்.எஸ்.எஸ். என்று பிராந்தியத் தொகுதிகள் உண்டு. யப்பானியத் தொகுதியை நாம் மறந்துவிடலாம். நாவிக் பற்றித் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

ஹோர்ட்டன் சமவெளியில் போன் சிக்னலே இல்லை. அங்கே ஜி.பி.எஸ். வேலை செய்யுமா?

செய்யும். செய்மதியிலிருந்து வரும் அலைக்கும் தொலைபேசிக் கோபுரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று, வரைபடத்தை முன்பே இறக்கி வைக்காவிட்டால் வெள்ளைத் திரையில் நீலப் புள்ளி மட்டும் நிற்கும். மற்றது, முதல் முறை இடம் பிடிக்கத் தாமதமாகும். இணையம் இருந்தால் எந்தச் செய்மதி எங்கே இருக்கிறது என்ற விபரத்தைப் போன் இணையத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒவ்வொரு செய்மதியும் அனுப்பும் விபரத்தை முழுவதும் கேட்டு முடிக்க வேண்டும். ஜி.பி.எஸ். செய்மதி அதை 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்கிறது. நடுவில் மரமோ பாறையோ மறித்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த விபரம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வரை செல்லுபடியாகும். ஆகவே பட்டிப்பொலையிலோ ஒஹியவிலோ சிக்னல் இருக்கும்போதே வரைபடச் செயலியை ஒருமுறை திறந்து, புள்ளி நிலையானதும் உள்ளே செல்லுங்கள்.

என் பழைய கருவிக்கு அப்டேட் போட்டால் கலிலியோ, பெய்டோ எல்லாம் வருமா?

பெரும்பாலும் வராது. மத்திய அலை மட்டும் பிடிக்கும் பழைய வானொலிப் பெட்டியில் எவ்வளவு திருகினாலும் எப்.எம். கேட்காது, இதுவும் அப்படித்தான். எந்த அலைவரிசையைக் கேட்கலாம் என்பதை உள்ளே இருக்கும் சிப்பும் அன்டெனாவும் தொழிற்சாலையிலேயே முடிவுசெய்துவிடுகின்றன. ஜி.பி.எஸ்.இன் அடிப்படை அலை 1575.42 மெகாஹேர்ட்ஸ். குளோனாஸ் 1602ஐச் சுற்றி, செய்மதிக்கொரு அலைவரிசையாகப் பேசுகிறது. பெய்டோவின் பழைய பொது அலை 1561.098. இவற்றைக் கேட்க அகலமான காது வேண்டும்.

விதிவிலக்கு கலிலியோ. அது ஜி.பி.எஸ். இருக்கும் அதே 1575.42இல்தான் பேசுகிறது. அதனால் சிப்பில் வசதி இருந்தும் மென்பொருளில் மூடி வைத்திருந்த சில கைக்கடிகாரங்களுக்கும் போன்களுக்கும் 2017, 2018 வாக்கில் அப்டேட் மூலம் கலிலியோ கிடைத்தது. தயாரித்த நிறுவனம் அப்டேட் குறிப்பில் கலிலியோ என்று எழுதியிருந்தால் நம்பலாம். அப்படி எதுவும் இல்லாமல், ‘நான் திறந்து தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் பழைய கருவி ஒரு நாள் நின்றுவிடுமா?

செய்மதியை மாற்றும்போதும் பழைய அலையை விடாமல் அனுப்புவது ஜி.பி.எஸ்.இன் வழக்கம். இன்று ஏவப்படும் செய்மதியையும் இருபது வருடக் கருவி கேட்கும். சிக்கல் திகதியில்தான் வருகிறது. அந்தப் பழைய அலையில் வாரத்தின் எண் பூச்சியம் முதல் 1023 வரைதான் எண்ணப்படுகிறது. அதன் பிறகு மீண்டும் பூச்சியம். 1999 ஓகஸ்டில் ஒருமுறை சுழன்றது. அடுத்து 2019 ஏப்ரல் 7, நம் நேரப்படி காலை ஐந்தரை மணிக்குச் சுழன்றது. இனி 2038 நவம்பரில் வரும்.

இதைக் கவனிக்காமல் எழுதிய மென்பொருள் உள்ள கருவி, ஏறக்குறைய 19 வருடம் 7 மாதம் பின்னால் உள்ள திகதியைக் காட்டும். இடம் சரியாகவே இருக்கும். வாகனக் கண்காணிப்புக் கருவி என்றால்தான் தலைவலி: அறிக்கை முழுவதும் தவறான திகதியில் பதிவாகும். சில கருவிகளில் நிறுவனமே வேறொரு தொடக்க வாரத்தை வைத்து எழுதியிருக்கும். அவை 2019இல் தப்பித்து வேறொரு வருடத்தில் தடுமாறும். திகதி திடீரென்று பின்னால் போனால் பற்றரியைக் குற்றம் சொல்லாமல் முதலில் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் போன் எதையெல்லாம் பிடிக்கிறது என்று நானே பார்க்க முடியுமா?

ஆன்ட்ரொய்ட் போன் என்றால் ‘ஜி.பி.எஸ்.டெஸ்ட்’ என்ற இலவசச் செயலியை இறக்கி, கூரையில்லாத இடத்தில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். செய்மதிகள் வரிசையாக வரும். பக்கத்தில் சின்னக் கொடி: அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, சீனா. அடுத்து சமிக்ஞையின் வலு எண்ணாக வரும். 40க்கு மேல் இருந்தால் அருமை. 20க்குப் பக்கத்தில் தொங்கினால் மரமோ சுவரோ மறிக்கிறது என்று பொருள். கடைசியில் ‘யூ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் அந்தச் செய்மதி உங்கள் இடத்தைக் கணக்கிடப் பயன்படுகிறது. பட்டியலில் ஐம்பது செய்மதி தெரிந்து அந்த எழுத்து ஆறில் மட்டும் இருந்தால், உங்களுக்கு ஆறுதான்.

ஐபோனில் இந்தப் பட்டியலைக் காண வழி இல்லை. தயாரிப்பாளரின் விபரப் பக்கத்தைத்தான் நம்ப வேண்டும். பெட்டியில் ‘ஜி.பி.எஸ். வசதி’ என்று மட்டும் அச்சிட்ட மலிவான வாகனத் திரைகளை நான் முதலில் வெறும் ஜி.பி.எஸ். என்றே எடுத்துக்கொள்வேன்.

கொழும்பில் சரியாக இருந்த கருவி மலைக்கு வந்ததும் ஏன் தடுமாறுகிறது?

வானம் குறைந்துவிடுவதால். இடத்தைக் கணக்கிட ஒரே நேரத்தில் குறைந்தது நான்கு செய்மதிகள் வேண்டும். காலிமுகத் திடலில் நின்றால் ஜி.பி.எஸ்.இல் மட்டும் எட்டு முதல் பன்னிரண்டு வரை தெரியும். இறம்பொடைக்குக் கீழேயோ மஸ்கெலியா ஆற்றங்கரையிலோ, சுற்றிலும் மலை 40 பாகை வரை எழுந்து நிற்கும் பள்ளத்தில் நின்றால், மிஞ்சுவது வானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பத்துச் செய்மதியில் மூன்றோ நான்கோ மிஞ்சும். ஒரு வளைவில் கிடைக்கும், அடுத்த வளைவில் கிடைக்காது. நான்கு தொகுதிகளையும் கேட்கும் கருவிக்கு அதே பள்ளத்தில் பத்துக்கு மேல் மிஞ்சும். புதிய செய்மதிகளால் நமக்கு உண்மையான இலாபம் இதுதான். சமவெளியில் ஓடுபவருக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

மலையகத்துக்கு ஒரு தனி அதிர்ஷ்டமும் உண்டு. பெய்டோ தொகுதியில் சில செய்மதிகள் நகராமல் பூமத்திய ரேகைக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பவை. அவற்றில் ஒன்றின் இடம் கிழக்கு நெடுங்கோடு 80 பாகை. நுவரெலியா இருப்பது ஏறக்குறைய 80.8 பாகையில். அதாவது அந்தச் செய்மதி நம் உச்சந்தலைக்கு மேலே, தெற்கே எட்டுப் பாகைதான் சாய்ந்து நிற்கிறது. எந்த மலையும் அதை மறைக்காது. மேலே சொன்ன 1561.098 அலையைக் கேட்கும் பெய்டோ கருவி என்றால் எவ்வளவு ஆழமான பள்ளத்திலும் ஒரு செய்மதி கைவசம் இருக்கும். பீஜிங்கில் இருப்பவருக்குக்கூட அது இவ்வளவு உயரத்தில் தெரியாது.

எல்5 இருக்கிற போனுக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கலாமா?

எல்5 என்பது 1176.45 மெகாஹேர்ட்ஸில் வரும் இரண்டாவது அலை. கலிலியோவும் புதிய பெய்டோவும் அதே அலைவரிசையில் தங்கள் அலையை அனுப்புகின்றன. ஜி.பி.எஸ். செய்மதிகளில் பழையவை இன்னும் இதை அனுப்புவதில்லை. போன்களில் இது முதலில் வந்தது 2018இல், ஷாவ்மி மி 8இல்.

பயன் பாறை ஓரத்தில் தெரியும். செய்மதி அலை நேராகவும் வரும், எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பியும் வரும். திரும்பி வருவது தாமதமாக வருவதால் கருவி உங்களைச் சற்றுத் தள்ளிக் காட்டும். பழைய அலை சுமந்து வரும் குறியீட்டில் (செய்மதியை அடையாளம் காட்டும் எண்வரிசை) ஒரு துண்டின் நீளம் ஏறக்குறைய 293 மீற்றர்; எல்5இல் 29 மீற்றர். துண்டு சிறிதாக இருந்தால் நேரே வந்ததையும் எதிரொலியையும் பிரித்தறிவது எளிது. நக்கிள்ஸ் பக்கம் ஆட்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிக்கு இது பணம் கொடுக்கத் தகுந்தது. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வேன் ஓட்டுபவருக்குத் தேவையில்லை. வீதியில் புள்ளியை ஒட்டவைக்கும் வேலையை வரைபடச் செயலியே செய்துவிடுகிறது.

இந்தியா பக்கத்தில்தானே இருக்கிறது, நாவிக் நமக்கும் வேலை செய்யுமா?

நாவிக்கின் எல்லை இந்தியாவும் அதைச் சுற்றி 1500 கிலோமீற்றரும். இலங்கை முழுவதும் அதற்குள் அடங்கும். ஆனால் அதன் முதல் தலைமுறைச் செய்மதிகள் எல்5இலும் எஸ் அலைவரிசையிலும் மட்டுமே பேசின. சாதாரணப் போன்களில் அதைக் கேட்கும் சிப் இருக்கவில்லை. பல செய்மதிகளில் அணுக் கடிகாரங்களும் பழுதாயின. பொதுவான 1575.42 அலையையும் சேர்த்து அனுப்பும் முதற்செய்மதி 2023 மே மாதம் ஏவப்பட்டது. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட அடுத்தது உரிய சுற்றுப்பாதைக்குப் போகவில்லை.

உங்கள் போனில் நாவிக் இருந்தால் நல்லது. அதற்காகவே ஒரு போன் வாங்காதீர்கள்.

எல்லாத் தொகுதியையும் இயக்கினால் பற்றரி தீர்ந்துவிடாதா?

போனில் பற்றரியைத் தின்பது திரைதான். கைக்கடிகாரத்தில்தான் வித்தியாசம் தெரியும். சிவனொளிபாதமலைக்கு இரவில் ஏறி விடிந்து இறங்குவதாக இருந்தால் கடிகாரத்தில் எல்லாத் தொகுதிகளையும் இயக்கிவிட்டு, எல்5ஐ மட்டும் நிறுத்துங்கள். படிக்கட்டு வழியில் அதற்கு வேலை இல்லை.

பட்டிப்பொலையில் பலகையில் ஓர் உயரம், என் போனில் இன்னோர் உயரம். ஏறக்குறைய நூறு மீற்றர் குறைவாகக் காட்டுகிறதே, போன் பழுதா?

பழுதில்லை. இலங்கையில் இருப்பதால் வரும் வேடிக்கை இது. பட்டிப்பொலைக்கு அருகில் ரயில் பாதையின் உச்சியில் 6,226 அடி என்று பலகை இருக்கிறது, அதாவது ஏறக்குறைய 1,898 மீற்றர். அது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளந்தது. செய்மதிகளுக்குக் கடல் தெரியாது. பூமியை ஒழுங்கான, சற்றுத் தட்டையான உருண்டையாகக் கொண்டு அதன் பரப்பிலிருந்து உயரத்தைச் சொல்கின்றன. உண்மையான கடல்மட்டமோ அந்தப் பரப்போடு ஒட்டி நிற்பதில்லை. ஈர்ப்பு வலுவான இடத்தில் மேலும் குறைவான இடத்தில் கீழுமாக இருக்கும். உலகிலேயே கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான், 106 மீற்றர் பள்ளம். அதன் ஓரத்தில் நாம் இருப்பதால் இங்கே வித்தியாசம் ஏறக்குறைய நூறு மீற்றர். பேதுருதாலகாலை உச்சி 2,524 மீற்றர். திருத்தாத செயலி அதை 2,430க்குப் பக்கமாகக் காட்டும்.

தொகுதியை மாற்றினாலும் இது மாறாது. கலிலியோவும் பெய்டோவும் அதே வகை உருண்டையைத்தான் பயன்படுத்துகின்றன. கார்மின் போன்ற கைக்கருவிகள் திருத்திய உயரத்தைத் தருகின்றன. ஆன்ட்ரொய்டில் செயலியைப் பொறுத்தது. அமைப்புகளில் ‘கடல்மட்டத்திலிருந்து உயரம்’ என்ற தெரிவைத் தேடுங்கள். காற்றழுத்தத்தால் உயரம் சொல்லும் கைக்கடிகாரம் வேறு வகை. மழை இருட்டினால் உட்கார்ந்த இடத்திலேயே உங்களை மலையேற்றிவிடும்.

கருவி குறுக்குவழி என்று தோட்டத்துக்குள் இறக்கி, தொழிற்சாலை கேட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. செய்மதிப் பிழையா?

செய்மதி நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் சொல்லும். எந்த வீதியில் போக வேண்டும் என்பது வரைபடத்தின் வேலை. தோட்டப் பாதைகள் பல வரைபடத்தில் சாதாரண வீதியாகப் பதிவாகியிருக்கின்றன. கேட் பூட்டியிருப்பதும் மழையில் லொறி இறங்காது என்பதும் அதற்குத் தெரியாது. எட்டுத் தொகுதி பிடிக்கும் கருவி வாங்கினாலும் அதே கேட்டுக்குத்தான் கொண்டுபோகும், இன்னும் துல்லியமாக.

ஹுன்னஸ்கிரியவிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவில் புள்ளி ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குத் தாவுவது மட்டும் இரண்டும் கலந்த பிழை. அங்கே புதிய கருவி உண்மையிலேயே உதவும். தெமோதரையில் ரயில் நிலையத்துக்கு அடியிலேயே பாதை சுரங்கமாகச் செல்வதால், வரைபடத்தில் ஒரே புள்ளியை ரயில் இரண்டு முறை கடக்கும். கருவியோடு சண்டை போட வேண்டாம்.

பழைய நில அளவைத் திணைக்கள வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆயத்தொலைவு பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: அவை கந்தவளை என்ற இடத்தை ஆதாரமாகக் கொண்ட பழைய அளவீட்டில் வரைந்தவை. கருவி தரும் எண்ணை அப்படியே அதில் வைத்தால் ஏறக்குறைய இருநூறு மீற்றர் தள்ளி விழும்.

இருட்டியதும் புள்ளி நடுங்குகிறது. பகலில் அப்படி இல்லை. ஏன்?

எல்லா நாளும் நடப்பதில்லை, ஆனால் கற்பனையும் இல்லை. பூமியின் காந்த நடுக்கோடு இலங்கைக்கு மிக அருகில் செல்கிறது. சூரியன் மறைந்ததும் இந்தக் கோட்டின் அருகே அயன மண்டலம், அதாவது வானத்தில் மிக உயரத்தில் இருக்கும் மின்னேறிய காற்றுப் படலம், குமிழி குமிழியாகக் குலையும். அதன் வழியாக வரும் அலை மின்னி மங்கும். நள்ளிரவு வரை நீடிக்கலாம். மார்ச், ஏப்ரல், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலும் சூரியனின் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் வருடங்களிலும் அதிகம்.

இதற்கு எல்5 மருந்தாகுமா என்று கேட்பார்கள். அயன மண்டலம் ஏற்படுத்தும் சாதாரணத் தாமதத்தை இரண்டு அலை உள்ள கருவி கணக்கிட்டுக் கழித்துவிடும். அலை இப்படி மின்னி மங்குவதற்கு அது பயன்படாது. குறைந்த அலைவரிசையான எல்5தான் கூடுதலாகப் பாதிக்கப்படும். உதவுவது எண்ணிக்கைதான்: குமிழி வானத்தின் ஒரு பகுதியைக் கெடுத்தாலும் மற்றப் பகுதியில் போதிய செய்மதிகள் மிஞ்சும்.

தோட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணி தருகிறார்கள். புதிய போனால் நானே எல்லை அளந்து பார்க்கலாமா?

வேண்டாம். ஏழு பேர்ச்சஸ் என்பது 177 சதுர மீற்றர். சதுரமாக வைத்தால் பக்கத்துக்கு 13.3 மீற்றர். நல்ல போன் திறந்த வெளியில் 3 முதல் 5 மீற்றர் வரை தவறும். பக்கத்துக்கு 3 மீற்றர் கூடுதலாகக் காட்டினால் உங்கள் ஏழு பேர்ச்சஸ் பத்தரையாகத் தெரியும். 3 மீற்றர் குறைத்துக் காட்டினால் நான்கு பேர்ச்சஸுக்குச் சற்று மேல். லயத்தின் பக்கத்தில், மரநிழலில், சரிவில் நின்று அளந்தால் இன்னும் மோசம். அந்தத் திரையைக் காட்டிப் பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்பது வீண் பகை.

நில அளவையாளர் கொண்டுவரும் கருவியும் இதே செய்மதிகளைத்தான் கேட்கிறது. ஆனால் அலையின் நெளிவையே எண்ணி, தெரிந்த இடத்தில் நிற்கும் இன்னொரு கருவியோடு ஒப்பிட்டு, சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்குகிறது. எல்லைக் கல் நட்ட பிறகு அது எங்கே என்று பிற்பாடு தேடிப் போவதற்கு உங்கள் போன் போதும். அளப்பதற்கும் தகராறுக்கும் போதாது.

பெய்டோவை இயக்கினால் நான் எங்கே இருக்கிறேன் என்று சீனாவுக்குத் தெரிந்துவிடுமா?

தெரியாது. எந்தத் தொகுதியாக இருந்தாலும் உங்கள் போன் கேட்பது மட்டும்தான். செய்மதிக்கு எதையும் அனுப்புவதில்லை. பெய்டோவில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி உண்டு, ஆனால் அதற்கென்று வடிவமைத்த கருவி வேண்டும். நீங்கள் இருக்கும் இடம் வெளியே போவது இணையம் வழியாக, நீங்களே அனுமதி கொடுத்த செயலிகளால். பயம் இருந்தால் அந்த அனுமதிப் பட்டியலைப் பாருங்கள்.

ஒரு நாடு தன் செய்மதியை நிறுத்திவிட்டால்?

கலிலியோ 2019 ஜூலையில் தரைக் கட்டுப்பாட்டுக் கோளாறால் ஒரு வாரம் முடங்கியது. பல தொகுதி பிடிக்கும் போன் வைத்திருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. 2000 மே மாதம் வரை அமெரிக்காவும் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. நான்கு அரசுகளின் தொகுதிகளைக் கேட்கும் கருவிக்கு ஒருவருடைய மனமாற்றம் பெரிய அடியாக இருக்காது. ஜி.பி.எஸ். மட்டும் உள்ள வாகனக் கருவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மாமா விட்டுப்போன மஞ்சள் நிறக் கார்மின் ஈட்ரெக்ஸ் ஒன்று இருக்கிறது. எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். 2000ஆம் ஆண்டு வந்த அந்த வகை ஜி.பி.எஸ். மட்டும் பிடிக்கும், திரையில் வரைபடமும் கிடையாது. ஆனால் இரண்டு சாதாரணப் பற்றரியில் ஒரு பகல் முழுவதும் ஓடும், கீழே விழுந்தாலும் உடையாது. வந்த வழியே திரும்பிப் போக அது போதும். அடர்ந்த காட்டுக்குள்ளும் பள்ளத்திலும் தடுமாறும், காரணம் மேலே சொன்னதுதான். பல வருடம் அலுமாரியில் கிடந்திருந்தால் செய்மதிகளின் முழுப் பட்டியலையும் புதிதாகப் பெற வேண்டும். அதற்கே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். புதுப் பற்றரி போட்டு, விளையாட்டு மைதானம் மாதிரி வெளியான இடத்தில் கால் மணி நேரம் அசையாமல் வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் கடைக்குக் கொண்டுவாருங்கள்.